கடைக்குச் சமூக ஊடகத்தில் ஆள் சேர்ப்பது எப்படி: வேலூர் வட்டாரத்தில் தொழில் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் கடை, பட்டறை, சிறு உணவகம், வீட்டுத் தொழில் ஆகியவற்றை நடத்துவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. பார்த்துவிட்டுக் கடந்து போகும் கூட்டத்தைவிட, கேள்வி கேட்டு, பதில் பெற்று, மீண்டும் வரும் சிறிய கூட்டமே தொழிலுக்குப் பயன்படும் என்ற எண்ணத்திலேயே எல்லா விடைகளும் எழுதப்பட்டுள்ளன.

எத்தனை பின்தொடர்பவர்கள் இருந்தால் ஒரு தொழிலுக்குப் போதும்?

கடை எங்கே இருக்கிறது, பொருளை வெளியூருக்கு அனுப்ப முடியுமா என்ற இரண்டையும் பார்க்காமல் எண் சொல்ல முடியாது. டிபன் கடை நடத்துபவரைக் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையில் வசிக்கும் 800 பேர் பின்தொடர்ந்து, அவர்களில் சிலராவது மாலையானால் ‘இன்று பரோட்டா உண்டா’ என்று கேட்கும் நிலை இருந்தால், அது நாடெங்கும் சிதறிக் கிடக்கும் 20,000 பேரைவிட மேலானது. தோசையைக் கூரியரில் அனுப்ப முடியாது. குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்து விற்பவருக்கோ நிலைமை வேறு. சரக்கு மடித்து அனுப்பக்கூடியது, கெடாதது, அளவுப் பிரச்சினை இல்லாதது என்பதால், எந்த ஊரில் இருந்து யார் பின்தொடர்ந்தாலும் அவர் வாடிக்கையாளராக மாற வழியுண்டு. ஆகவே முதலில் உங்கள் சரக்கு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். யாரைச் சேர்க்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இன்ஸ்டாகிராம், முகநூல், யூடியூப், வாட்ஸ்அப் ஆகியவற்றில் எதில் தொடங்குவது?

இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கூகுள் வரைபடத்தில் உங்கள் கடையைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். இதைச் சமூக ஊடகம் என்று பலர் கருதுவதில்லை. ஆனால் மருத்துவமனைக்கோ பொற்கோயிலுக்கோ வந்த வெளியூர்க்காரர் பசி எடுத்ததும் முதலில் திறப்பது வரைபடத்தைத்தான். அங்கே கடை திறந்திருக்கும் நேரம் தவறாக இருந்தால், மற்ற தளங்களில் எத்தனை வீடியோ போட்டிருந்தாலும் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அடுத்தது 2018ஆம் ஆண்டு அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ். சரக்குப் பட்டியல், கடை நேரம், தானாகச் செல்லும் முதல் பதில் ஆகியவை அதிலேயே இருக்கின்றன. தனியாக இணையதளம் வைத்திருக்காத கடைக்கு அதுவே போதும். மூன்றாவதாக இன்ஸ்டாகிராமையோ முகநூலையோ, உங்கள் வாடிக்கையாளரின் வயதைப் பார்த்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர்களை நம்பி நடக்கும் கடைக்கு இன்ஸ்டாகிராம் பொருந்தும். வீடு கட்டுவோருக்கான டைல்ஸ், கதவு, கிரில் வேலை போன்றவற்றுக்கு முகநூல் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயம் உங்களிடம் நிறைய இருந்தால் யூடியூப். நான்கையும் ஒரே மாதத்தில் தொடங்கி, மூன்றாம் மாதத்தில் நான்கையும் கைவிட்ட கடைகளைப் பார்ப்பது சலித்துவிட்டது.

கணக்கின் பெயரும் அறிமுகக் குறிப்பும் எப்படி இருக்க வேண்டும்?

இன்ஸ்டாகிராமில் பெயர்ப் பகுதியில் உள்ள சொற்களும் தேடலில் கணக்கில் எடுக்கப்படுகின்றன. ஆகவே கடையின் பெயரை மட்டும் எழுதாமல், விற்கும் பொருளையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ஊர் என்றால் மாவட்டம் அல்ல. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன, ஆற்காடும் மேல்விஷாரமும் இராணிப்பேட்டையில் இருக்கின்றன. ஆனால் பிரியாணியையோ மக்கன் பேடாவையோ தேடுகிறவர் ஆம்பூர் என்றும் ஆற்காடு என்றும்தான் தேடுவார். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரோடு குழப்பம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் நூறு பேரை எங்கிருந்து பிடிப்பது?

கல்லாவின் முன்னால் நிற்பவர்களிடமிருந்துதான். ஏற்கெனவே உங்களிடம் பணம் கொடுத்து வாங்கியவருக்கு உங்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, முதல் பதிவுகளுக்குக் கருத்துச் சொல்லப் போகிறவரும் அவரே. பணம் செலுத்தும் கியூஆர் அட்டையின் பக்கத்திலேயே கணக்குக்கான கியூஆர் அட்டையையும் ஒட்டி வையுங்கள். பில்லின் அடியிலும் பார்சல் கவரின் மேலும் அச்சிடுங்கள். ‘எங்களைப் பின்தொடருங்கள்’ என்று வெறுமனே எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். ‘புதிய சரக்கு வரும் நாளை இங்கே முதலில் அறிவிப்போம்’ என்பது போல, பின்தொடர்வதால் கிடைக்கும் ஒன்றைச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யவும் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரு குழுவில் கேட்காமல் சேர்ப்பது வேண்டாம். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். குறிப்பாகப் பெண் வாடிக்கையாளர்கள் இதை விரும்புவதில்லை, சொல்லாமலேயே விலகிவிடுவார்கள். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) பொருத்தமானது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதால், எண்ணைச் சேமிக்கச் சொல்லி நேரில் கேட்டுக்கொள்வது அவசியம். 2023இல் வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, ஆனால் அங்கே பேச்சு ஒருவழிப் பாதைதான்.

எதைப் பதிவிடுவது? இரண்டு வாரத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிடுகிறதே?

தீர்ந்துபோவது விளம்பரம். தொழிலில் இருக்கும் விஷயம் தீராது.

ஒரு வாரம் கல்லாவில் ஒரு நோட்டை வைத்து, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி வையுங்கள். செருப்புக் கடை என்றால், ‘இது அசல் தோல்தானா, எப்படித் தெரிந்துகொள்வது’, ‘மழையில் நனைந்தால் என்ன செய்வது’, ‘ஏற்றுமதிக்குப் போகிற ஷூவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்’ என்று கேட்பார்கள். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் அற்பமாகத் தோன்றலாம். தோலின் வெட்டு விளிம்பைப் பார்த்தால் நார் தெரியும், செயற்கைத் தோலில் அடியில் துணி தெரியும் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரிந்த செய்தி; ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வாங்குகிறவருக்கு அது புதிது, சேமித்து வைக்கத் தக்கது. அந்த ஒரு நோட்டிலிருந்து பல மாதங்களுக்கான பதிவுகள் கிடைத்துவிடும்.

அடுத்து, பொருள் உருவாகும் விதத்தைக் காட்டுங்கள். பாவு ஓட்டுவதிலிருந்து தறியில் லுங்கி மடிந்து இறங்குவது வரை குடியாத்தத்தில் நடக்கும் வேலைகளும், கரிகிரி மண்பாண்டங்கள் சக்கரத்தில் எழும்புவதும், சீரக சம்பா அரிசியைத் தம்மில் போடும் நேரமும், மக்கன் பேடா எண்ணெயிலிருந்து பாகுக்குப் போவதும், பார்க்கிறவரை நிறுத்தி வைக்கும் காட்சிகள். இதில் பேச்சுகூட அதிகம் வேண்டியதில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதை விற்கும் காய்கறிக் கடைக்காரர், சாதாரணக் கத்தரிக்காயின் பக்கத்தில் வைத்துக் காம்பின் முள்ளைக் காட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு எது பொருந்தும் என்று சொன்னாலே அது நல்ல பதிவு. ரகசியத்தைக் காட்டிவிட்டால் போட்டியாளர் பிடித்துக்கொள்வாரே என்ற அச்சம் பலருக்கு உண்டு. உங்கள் போட்டியாளருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

தவிர்க்க வேண்டியது வாழ்த்து அட்டை. ‘உலகத் தேநீர் தின வாழ்த்துகள்’ என்று கடைச் சின்னத்தோடு ஒரு படம் போடுவதை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக உங்கள் ஊரின் நாட்காட்டியைப் பாருங்கள். மகா சிவராத்திரியை அடுத்துப் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளை, வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, இரத்தினகிரியில் ஆடிக் கிருத்திகை, மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ரமலான் மாலைகள் ஆகியவை உங்கள் விற்பனையையே மாற்றும் நாட்கள். அந்த நாட்களில் எந்தத் தெரு அடைக்கப்படும், கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று அறிவிக்கும் பதிவு, ஆயிரம் வாழ்த்து அட்டைகளைவிடப் பகிரப்படும். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வருவதால், சென்ற ஆண்டின் திட்டத்தை அதே தேதிக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

நல்ல கேமரா வேண்டுமா?

வேண்டாம். கைப்பேசியும் சன்னலோர வெளிச்சமும் போதும். ஒலியில் மட்டும் கவனம் தேவை. சாலையோரக் கடையில் பேசிப் பதிவு செய்வதென்றால் சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் நாட்களில் வேலூரின் நண்பகல் வெளிச்சத்தில் எடுத்த எந்த உணவும் வெளுத்துத்தான் தெரியும். காலை வேளையில் எடுங்கள்.

அல்காரிதம் நம் பதிவை யாருக்கும் காட்டாமல் மறைக்கிறது என்கிறார்களே?

எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணினி முறையைத்தான் அல்காரிதம் என்கிறார்கள். ஒரே ஒரு அல்காரிதம் என்று எதுவும் இல்லை. முகப்பு, ஸ்டோரி, ரீல்ஸ், தேடல் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு முறையில் பதிவுகளை வரிசைப்படுத்துகின்றன. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரியில் முக்கியமான மூன்று அளவுகளைக் குறிப்பிட்டார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விரும்புகிறார்கள், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள். புதியவர்களைச் சென்றடைவதற்கு மூன்றாவது அளவு கூடுதலாக உதவுகிறது என்றும் அவர் சொன்னார்.

இதைக் கடைக்காரரின் கண்ணோடு பார்த்தால், ஒருவர் தன் அக்காவுக்கோ விடுதி நண்பனுக்கோ ‘இதைப் பார்’ என்று அனுப்பத் தூண்டும் செய்தி இருக்கிறதா என்பதே பதிவிடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கடைப் பலகையை மூன்று வினாடி காட்டிவிட்டுத் தொடங்கும் வீடியோவை அந்த மூன்று வினாடியிலேயே விரலால் தள்ளிவிடுகிறார்கள். கொதிக்கும் அண்டாவிலிருந்தே தொடங்குங்கள், பலகை கடைசியில் வரட்டும்.

2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்ட சில நாட்களிலேயே இந்தியாவில் ரீல்ஸ் வந்தது. தளம் மறைந்தபோது அங்கே சேர்த்த கூட்டத்தையும் சேர்த்து இழந்தவர்கள் பலர். வாடிக்கையாளரின் எண்ணையும் பெயரையும் அவர் இசைவோடு உங்கள் கையில் தனியாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

இந்த வட்டாரத்தில் கேள்வி அதோடு முடிவதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிப் பலகைகளும் உணவுப் பட்டியல்களும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதப்பட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரின் மொழியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள், ஆனால் அவர்களுடைய இணையக் கணக்குகளில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்கள் சிகிச்சைக்காகப் பல நாட்கள் தங்குகின்றன, மறுபரிசோதனைக்கு மீண்டும் வருகின்றன, ஊரில் அடுத்து வரப்போகிறவருக்கு வழி சொல்கின்றன. அறை வாடகை எவ்வளவு, சமைத்துக்கொள்ள வசதி உண்டா, மீன் குழம்பு கிடைக்குமா என்ற மூன்றுக்கும் வங்காள மொழியில் விடை சொல்லும் குறு வீடியோ ஒன்றை ஒரு விடுதி வைத்திருந்தால், அது கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் நோயாளிகளையோ அவர்களுடைய குடும்பத்தாரையோ படமெடுக்காதீர்கள். அவர்கள் சம்மதித்தாலும் வேண்டாம், கவலையில் இருக்கும் மனிதர் கொடுக்கும் சம்மதத்தை வைத்து விளம்பரம் செய்வது முறையன்று.

மற்றபடி, உள்ளூர் வாடிக்கையாளருக்குப் பேச்சுத் தமிழில் பேசுங்கள், எழுத்தில் எளிய தமிழாக இருக்கட்டும். எல்லை தாண்டினால் சித்தூர் என்பதால் நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் தெலுங்கு உதவும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் உருது பேசுவோர் அதிகம். ஒரே பதிவில் நான்கு மொழிகளைத் திணித்தால் நான்கு தரப்பினருமே படிக்க மாட்டார்கள். மொழிக்கு ஒரு பதிவாகப் பிரித்துவிடுங்கள்.

வாரத்துக்கு எத்தனை பதிவு? எந்த நேரத்தில்?

உங்களால் ஓராண்டு முழுவதும் தாக்குப்பிடிக்க முடிந்த எண்ணிக்கை எதுவோ அது. பெரும்பாலான சிறு கடைகளுக்கு வாரத்துக்கு இரண்டு பதிவுகளும், நாள்தோறும் ஒன்றிரண்டு ஸ்டோரிகளும் போதும். நேரத்தைப் பற்றி இணையத்தில் உலவும் பட்டியல்களை நம்ப வேண்டாம், உங்கள் கணக்கின் புள்ளிவிவரப் பகுதியிலேயே உங்களைப் பின்தொடர்பவர்கள் விழித்திருக்கும் நேரம் காட்டப்படுகிறது. மாணவர்களை நம்பும் கடை என்றால் தேர்வு நாட்களிலும் விடுமுறையிலும் எண்ணிக்கை விழும். அதற்காகப் பதற வேண்டாம்.

‘விலை என்ன’ என்று கருத்துப் பகுதியில் கேட்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?

விலையைச் சொல்லுங்கள். ‘இன்பாக்ஸ் பார்க்கவும்’ என்று எழுதுவது இந்த வட்டாரத்தில் ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. கேட்டவர் ஒருவர் என்றால் கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர். விலையை மறைக்கும் கடை ஆளைப் பார்த்து விலை சொல்லும் போலிருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்துகொண்டு போய்விடுகிறார்கள். விலை மாறக்கூடியது என்றால் ‘இன்றைய விலை’ என்று தேதியோடு எழுதுங்கள். பட்டு, நகை போன்றவற்றில் எல்லை கொடுக்கலாம்: இந்த வகை இவ்வளவில் தொடங்கி இவ்வளவு வரை.

ஒவ்வொரு கருத்துக்கும் அன்றே பதில் எழுதுவதையும், பதிலின் முடிவில் முடிந்தால் ஒரு கேள்வி கேட்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ‘நன்றி’ என்று கூப்பிய கைப் படத்தைப் போட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘நன்றி அண்ணா, எந்தக் கிளையில் சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டால் அவர் மீண்டும் எழுதுவார்.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்கலாமா?

கூடாது. வாங்கியவர்கள் எதையும் பார்க்க மாட்டார்கள். பின்தொடர்பவர்களே பார்க்காத பதிவைத் தளம் மற்றவர்களுக்கும் காட்டுவதில்லை. போலிக் கணக்குகளை இன்ஸ்டாகிராம் அவ்வப்போது நீக்கும்போது காசும் எண்ணிக்கையும் சேர்ந்தே போகும்.

பரிசுப் போட்டி வைத்தால் ஆள் சேருமா?

சேரும், பரிசு முடிந்ததும் கலைந்துவிடும். உங்கள் சரக்கையே பரிசாக வைத்தால் ஓரளவு சரியான ஆட்கள் வருவார்கள். கைப்பேசி பரிசு என்றால் பரிசுக்காகவே அலையும் கூட்டம் வரும். முகநூலில் போட்டி நடத்துபவர்கள் ஒரு விதியை அறிந்திருக்க வேண்டும்: தனிநபரின் பக்கத்தில் பகிர்ந்தால்தான் போட்டியில் சேரலாம் என்று நிபந்தனை வைப்பதை அந்தத் தளம் அனுமதிப்பதில்லை.

உணவு வீடியோ போடுகிற இன்ஃப்ளூயன்சரை அழைக்கலாமா?

அழைக்கலாம், ஆனால் அவர் முந்தைய கடைகளுக்கு எடுத்த வீடியோக்களின் கருத்துப் பகுதியைப் படித்துவிட்டு அழையுங்கள். ‘இது எங்கே இருக்கிறது’, ‘ஞாயிறு திறந்திருக்குமா’ என்ற கேள்விகள் அங்கே இருந்தால் அவரைப் பார்ப்பவர்கள் கடைக்கு வரக்கூடியவர்கள். நெருப்பு எமோஜிகள் மட்டுமே வரிசையாக இருந்தால் யோசியுங்கள்.

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருள், தள்ளுபடி, தங்குமிடம் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு பேசினாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீடியோ எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழ் வீடியோ என்றால் ‘விளம்பரம்’ என்ற சொல் தமிழிலேயே தெரிய வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

மூலிகை மருந்தும் வீட்டு உணவும் விற்பவர்களுக்குத் தனி விதி உண்டா?

உண்டு. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்பது போன்ற விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. ரீல்ஸில் பேசினாலும் அது விளம்பரமே. வீட்டில் ஊறுகாய், பொடி, பலகாரம் செய்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, 14 இலக்கப் பதிவு எண்ணை அறிமுகக் குறிப்பிலேயே போடுவது நல்லது. முன்பின் தெரியாதவர் பணம் அனுப்பத் தயங்கும் இடத்தில் அந்த எண் தைரியம் தரும்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடலாமா?

தொழில் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராமின் முழுப் பாட்டுத் தொகுப்பு திறப்பதில்லை, வணிகப் பயன்பாட்டுக்கு உரிமை இல்லாததே காரணம். தளம் இலவசமாகத் தரும் இசைத் தொகுப்பையோ, கடையின் சொந்தச் சத்தங்களையோ பயன்படுத்துங்கள். கொத்துப் பரோட்டாக் கல்லின் தாளத்துக்கு மேலே எந்தப் பாட்டும் தேவையில்லை.

பணம் கட்டிப் பூஸ்ட் செய்வது எப்போது?

பணம் கட்டாமலேயே நன்றாக ஓடிய பதிவு ஒன்று கிடைத்த பிறகு, அந்தப் பதிவுக்கு. ஓடாத பதிவைக் காசு கொடுத்துத் தள்ளினால் காசு தீர்ந்ததும் நின்றுவிடும். கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டர் என்று எல்லையைக் குறுக்குங்கள், விளம்பரத்தைத் தொட்டால் உங்கள் வாட்ஸ்அப் திறக்கும்படி அமையுங்கள், வரும் செய்திகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் அது ஓடட்டும்.

மோசமான விமர்சனம் வந்தால் நீக்கிவிடலாமா?

வசைச் சொற்கள் இருந்தால் நீக்கலாம். குறை என்றால் நீக்கக் கூடாது. என்ன நடந்தது என்று பொதுவில் இரண்டு வரியில் கேட்டு, மீதியைத் தொலைபேசியில் பேசித் தீர்த்துவிட்டு, தீர்ந்ததைப் பொதுவில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள்.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விருப்பக்குறிகளை எண்ணாதீர்கள். சேமித்தவர்கள், மற்றவருக்கு அனுப்பியவர்கள், செய்தி அனுப்பிக் கேட்டவர்கள், கடைக்கு வந்து ‘வீடியோவில் பார்த்தேன்’ என்றவர்கள் ஆகிய நான்கையும் மாதந்தோறும் குறித்து வையுங்கள். கடைசியது எந்தச் செயலியிலும் காட்டாது. பில் போடுகிறவர் கேட்டுக் கோடு போட்டு வைத்தால்தான் உண்டு.

கணக்கை யார் பெயரில், யார் கைப்பேசியில் திறப்பது?

முதலாளியின் எண்ணிலும் மின்னஞ்சலிலும். விசிட்டிங் கார்டு அச்சடித்தவரோ கல்லூரி படிக்கும் உறவுப் பையனோ தன் எண்ணில் திறந்து கொடுத்து, பிறகு வேலைக்காக வேறு ஊர் போனதும் கணக்கே கைவிட்டுப்போன கதை ஒவ்வொரு கடைத்தெருவிலும் உண்டு. மற்றவர்களுக்குப் பணி செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். ‘காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும், இங்கே தொடவும்’ என்று வரும் செய்திகள் பெரும்பாலும் கணக்கைத் திருடுவதற்கான வலை, தொடாதீர்கள். கணக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாடிக்கையாளர்களிடம் யாரேனும் பணம் பறித்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வாட்ஸ்அப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அதே நேரத்தில் எச்சரிக்கை அனுப்புங்கள்.